நெல் அறுக்கும் முன்பே உளுந்து தெளியுங்கள்

சம்பா, தாளடி பருவ நெல் அறுத்த வயலைத் தரிசாகப் போட்டுவிடாதீர்கள். காவிரி டெல்டாவில் தை மாதம் அதில் உளுந்து விதைக்க நல்ல பருவம். அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்னால், கதிர் நிற்கும்போதே ஏக்கருக்கு 10 கிலோ உளுந்து விதையைத் தெளிக்கலாம். மெஷின் அறுப்பு என்றால் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள், சக்கரத்தடத்தில் கொஞ்சம் சேதமாகும்.

எல்லாவற்றையும்விட ஈரம்தான் முக்கியம். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தால் மெழுகு மாதிரி இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கி நின்றால் விதை அழுகிவிடும். வயல் காய்ந்து வெடித்திருந்தால் முளைக்காது. இப்படி நெல்லுக்குப் பின் விதைக்கும் ‘நெல் தரிசு’ உளுந்துக்கு ஆடுதுறை 3 ஏற்ற ரகம்.

உளுந்து பூக்கும்போது ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்தை முதல்நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து தண்ணீர் சேர்த்து 200 லிட்டராக்கி மாலையில் பயிர்மேல் அடியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு தரம்.