ஆத்தங்குடிக் கல்லில் அடி அளக்கலாம்

பிசியோதெரபி தியரியை ஆன்லைனில் கேட்டுவிடலாம். ஒருவரின் நடையைப் பார்த்து அளக்கக் கண் பழகத்தான் ஆள் வேண்டும். காரைக்குடிப் பக்கம் வீடு என்றால், வளவில் (வீட்டின் உள்கூடத்தில்) பதித்த ஆத்தங்குடிக் கல்லே, அதாவது தரை ஓடே அளவுகோல். ஒரு கல்லின் நீளத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். போனை இடுப்பு உயரத்தில், நடக்கும் பாதைக்குப் பக்கவாட்டில் அசையாமல் நிறுத்துங்கள். "வழக்கம்போல நடங்க அப்பத்தா" என்று மட்டும் சொல்லுங்கள். எதைப் பார்க்கிறோம் என்று விளக்கினால் நடையே மாறிவிடும்.

அப்புறம் வீடியோவை மெதுவாக ஓட்டி, ஒரு குதிகால் பதிந்த இடத்திலிருந்து மறு குதிகால் பதியும் இடம்வரை எத்தனை கல் என்று எண்ணுங்கள். முதல், கடைசி அடிகளை விட்டுவிடுங்கள், அங்கே வேகம் மாறும். வலது அடியும் இடது அடியும் ஒத்துவருகிறதா? அதுதான் முக்கியம். தரை ஈரமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். அப்பத்தாவின் சம்மதம் கேட்டு, வீடியோவை ஆசிரியருக்கு அனுப்புங்கள். தொட்டுச் செய்யும் சிகிச்சையை மட்டும் நேரடி வகுப்பில் பழகுங்கள்.