ஓரத்தை வெட்டாதீங்க: படகுப் பயணத்துக்கு நனையாத மேப் செய்யும் முறை

ஈரோட்டில் தன்பாத்–ஆலப்புழா ரயில் ஏறினால் இறங்கும் இடம் காயல் ஊரான ஆலப்புழாதான். எங்கள் வீட்டில் நான்கைந்து வருடமாக லீவு என்றாலே அங்கேதான், அதிலும் பெரிய ஹவுஸ்போட் இல்லாமல் துடுப்புப் போடுகிற சின்னப் படகு வாடகைக்கு எடுத்துக்கொண்டு குட்டநாட்டு வாய்க்கால்களில் இரண்டு மூன்று நாள் சுற்றிவிட்டு வருவோம். முதல் தடவை போன் இருக்கிறதே என்று நம்பித்தான் போனோம். கை ஈரமாக இருந்தால் தொடுதிரை சொன்னபடி கேட்காது, உச்சி வெயிலில் திரை கண்ணுக்கே தெரியாது, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் போன் சூடாகி அணைந்தே போகும். வாய்க்கால் மூன்றாகப் பிரிகிற இடத்தில் படகை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் போவது என்று முழித்தபோதுதான் பேப்பர் மேப்பின் அருமை தெரிந்தது.

அடுத்த தடவை வீட்டு பிரிண்டரில் கலராக மேப் எடுத்து, லேமினேஷன் போட்டு, பைக்குள் போகட்டும் என்று நாலு பக்கமும் ஒட்ட வெட்டி, மூலையில் ஓட்டை குத்திக் கயிறும் கட்டிக்கொண்டு போனேன். காலை 10 மணிக்கு ஓரத்தில் நூல் மாதிரி ஒரு ஈரக்கோடு. மதியத்துக்குள் அது விரல் அகலம் உள்ளே வந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றி வட்டமாகப் பேப்பர் சாம்பல் நிறத்தில் ஊறி, வேம்பநாட்டுக் காயலின் நீல மை பக்கத்து வாய்க்கால்களின் மேலெல்லாம் பரவி, சாயங்காலம் எது தண்ணீர் எது வயல் என்றே தெரியவில்லை. மேல்பரப்பில் மட்டும் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை! ஊருக்கு வந்து அந்த மேப்பைக் காட்டியபோது பைண்டிங் கடைக்காரர் பார்த்தவுடனே சொன்னார்: "ஓரத்தை ஒட்ட வெட்டிப்போட்டீங்களே தம்பி, தண்ணி அதுலதானுங்க ஏறும்."

லேமினேஷனுக்குள் பேப்பரைக் காப்பாற்றுவது மேலும் கீழும் இருக்கிற பிளாஸ்டிக் மட்டும் இல்லை. பேப்பரைத் தாண்டி அந்த இரண்டு பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிற ஓரம்தான் அதைக் காப்பாற்றுகிறது. அதை வெட்டிவிட்டால் பேப்பரின் விளிம்பு வெளியே வந்து விளக்குத்திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். கீழே சொல்லும் எல்லா வேலையும் இந்த ஓரத்துக்காகத்தான்.

முதலில் மேப்

இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 அளவுள்ள மேப்புகளை பிடிஎஃப் ஆக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்த அளவில் மேப்பில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். சாலையில் போக இது போதும், ஆனால் படகில் ஆடிக்கொண்டே பார்க்கச் சின்ன வாய்க்கால்கள் முடி மாதிரி இருக்கும். அதனால் 200 சதவீதம் பெரிதாக்கி பிரிண்ட் எடுங்கள். புது விவரம் எதுவும் வராது, ஆனால் 4 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர் ஆகிவிடுவதால் கண்ணாடி போடாதவர்களும் படிக்கலாம். புதுப் பாலம், புதுப் படகுத்துறை வேண்டுமென்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பாருங்கள், அதையும் அச்சிட்டுக்கொள்ளலாம், மூலையில் அவர்கள் பெயரை விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, இல்லாததைப் பென்சிலில் சேர்த்துக்கொள்வேன்.

பிரிண்ட் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் தாளுக்குத் தகுந்த மாதிரி சுருக்கிக்கொள்ளும் அமைப்பு பெரும்பாலும் போட்டே இருக்கும், அப்படி வந்தால் அளவு கெட்டுவிடும். மேப்பின் அடியில் இருக்கும் அளவுகோலின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். லேசர் பிரிண்ட்தான் வேண்டும் என்று கேளுங்கள், ஏனென்றால் அதன் டோனர் பிளாஸ்டிக் தூள், சூட்டில் பேப்பரோடு உருகி ஒட்டிக்கொள்வதால் ஈரம் பட்டாலும் கரையாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்களின் கலர் மை பெரும்பாலும் கரையும். சந்தேகமாக இருந்தால் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

லேமினேஷன் போடுவதற்கு முன்னால் எழுத வேண்டியதை எழுதிவிடுங்கள். பென்சில் அல்லது சாதா பால்பாயிண்ட் பேனா நல்லது, ஜெல் பேனா வேண்டாம். படகுத்துறைகளின் பெயரைத் தமிழிலும், தெரிந்தவர்களைக் கேட்டு மலையாளத்திலும் எழுதிக்கொண்டால் கரையில் இருப்பவரிடம் மேப்பை நீட்டிக் கேட்க ரொம்ப உதவியாக இருக்கும். தண்ணீர்முக்கம் தடுப்பணை எங்கே இருக்கிறது, பெரிய படகுகள் போகிற தேசிய நீர்வழி 3 எங்கே குறுக்கிடுகிறது, இதையெல்லாம் சிவப்பில் குறித்துவையுங்கள். குட்டநாட்டு வயலுக்குள் உப்புத்தண்ணீர் ஏறாமல் இருக்க அந்த அணையின் ஷட்டர்களைப் பொதுவாக டிசம்பர் வாக்கில் இறக்குவார்கள். அப்போது தெற்குப் பக்கம் ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்கிற வாய்க்கால்கள் உண்டு. அங்கே அதற்குக் குளவாழ என்று பெயர், கேட்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்.

வெட்டுவது, ஒட்டுவது

ஒரு ஏ4 லேமினேஷன் கவர் கிட்டத்தட்ட 22.5 × 31 சென்டிமீட்டர் இருக்கும். பேப்பர் 21 × 29.7. அதாவது முழுத் தாளை அப்படியே போட்டால் சுற்றிலும் 7 மில்லிமீட்டர்கூடச் சரியாகக் கிடைக்காது, மெஷினில் லேசாகக் கோணினால் ஒரு பக்கம் 2 மில்லிதான் மிஞ்சும். அதனால் பேப்பரைத்தான் குறைக்க வேண்டும், கவரை இல்லை.

மேப்பை 13 × 19 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். இரண்டு மடங்கு பெரிதாக்கியதால் அளவு இப்போது 1:25,000, அதில் ஒரு துண்டில் 3.25 × 4.75 கிலோமீட்டர் வரும், துடுப்புப் போடுகிறவர்களுக்கு அரை நாளைக்குத் தாராளம். ஒரு கவருக்குள் இரண்டு துண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்: இடது ஓரம் ஒன்றரை சென்டிமீட்டர், வலது ஓரம் ஒன்றரை, நடுவில் 2 சென்டிமீட்டர் இடைவெளி. மேலே 2.5 சென்டிமீட்டர் விட்டு, கீழே 1 சென்டிமீட்டர் விடுங்கள். மேலே ஏன் அதிகம் என்றால் கயிறு கட்டும் ஓட்டை அங்கேதான் வரப்போகிறது, பேப்பர் இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில். துண்டுகள் நகராமல் இருக்க ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பொட்டு க்ளூ ஸ்டிக் வைத்தால் போதும்.

இன்னொன்று, மழைக்காலத்தில் பேப்பரே ஈரம் உறிஞ்சியிருக்கும், அப்படியே லேமினேஷன் போட்டால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் வரும். பத்து நிமிடம் வெயிலில் காயவைத்துவிட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். 125 மைக்ரான் கவர் கேளுங்கள். 80 ரொம்ப மெலிசு, 250 அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். மூடிய பக்கம் முன்னால் போக வேண்டும், மெஷினில் இரண்டு தடவை விடச் சொல்லுங்கள். முக்கியமாக, எடுத்தவுடன் கத்தரியை எடுத்து ஓரத்தைச் சீராக வெட்டிக் கொடுப்பது கடைக்காரர்களின் கைப்பழக்கம், அன்பாகத்தான் செய்வார்கள், அதனால் மெஷினில் வைக்கும் முன்பே "ஓரத்தை வெட்டாதீங்கண்ணா, அப்படியே கொடுத்துருங்க" என்று சொல்லிவிடுங்கள்.

மடிக்கிற கீல்

லேமினேஷன் போட்டதை மடிக்கவே கூடாது. நாலு தடவை மடித்தால் மடிப்பில் வெள்ளைக்கோடு விழும், பத்தாவது தடவை பிளாஸ்டிக் வெடிக்கும், வெடித்த இடம் இன்னொரு ஓரம். எங்கள் அப்புச்சி ஊரில் மணியகாரர் வீட்டில் பழைய கிராம மேப் ஒன்று பார்த்திருக்கிறேன். மேப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி, நடுவில் சின்ன இடைவெளி விட்டுக் காடாத்துணியில் ஒட்டியிருப்பார்கள், மடிக்கும்போது துணிதான் மடங்கும், பேப்பர் மடங்காது. அதே யோசனைதான் இங்கேயும்.

நடுவில் விட்ட 2 சென்டிமீட்டர் இடைவெளியின் சரிபாதியில் வெட்டுங்கள். இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் வெட்டின பக்கத்தில் 1 சென்டிமீட்டர் மூடிய ஓரம் இருக்கிறது. இரண்டையும் மேஜையில் வைத்து நடுவில் 4 மில்லிமீட்டர் விடுங்கள் (இரண்டு தீக்குச்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் சரியாக இருக்கும்), ஓரத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு மேலே ஒரு பட்டை துணி டேப். தீக்குச்சிகளை உருவிவிட்டுத் திருப்பிப் போட்டு அடியிலும் ஒரு பட்டை. இரண்டு டேப்பும் அந்த 4 மில்லி இடைவெளியில் ஒன்றையொன்று தொட்டு ஒட்ட வேண்டும், நகத்தால் நன்றாக நீவிவிடுங்கள். இப்படி நாலு துண்டைச் சேர்த்தால் விசிறி மடிப்பாக மடிக்கலாம், போகிற பகுதி மட்டும் மேலே தெரியும்படி வைத்துக்கொள்ளலாம்.

மூலைகளைக் கூர்மையாக விடாதீர்கள், குழந்தைகள் கையைக் கிழிக்கும். ஒரு ரூபாய்க் காசை வைத்துக் கோடு போட்டு வளைத்து வெட்டுங்கள், ஆனால் பேப்பருக்கும் வெட்டுக்கும் நடுவில் 5 மில்லிக்குக் குறையக் கூடாது. மேல் ஓரத்தில் ஐலெட் (ஓட்டையைச் சுற்றி அடிக்கும் உலோக வளையம்) அடிக்க ஃப்ளெக்ஸ் கடையில் கேட்டால் பேனருக்கு அடிக்கிற மாதிரியே அடித்துக் கொடுப்பார்கள். நைலான் கயிறு கோத்துப் படகின் பலகையில் கட்டிவிடுங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், காயல் நடுவில் மேப் பறக்க ஆடி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

வேறு வழிகள்

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு அருமையான வழி இருக்கிறது. விளையாட்டு ஜெர்சிக்கு சப்ளிமேஷன் பிரிண்ட் (சூட்டில் சாயத்தைத் துணி இழைக்குள் ஏற்றுவது) போடும் யூனிட்டில் மேப்பைப் பாலியஸ்டர் துணியில் அடித்துவிடலாம். நனையும், ஆனால் சாயம் போகாது, பிழிந்து காயப்போட்டால் அடுத்த நாளைக்கு ரெடி. பனியன் துணி இழுபடும், தூரம் தப்பாகக் காட்டும், அதனால் நெய்த துணியாகக் கேளுங்கள். காட்டனில் இந்தப் பிரிண்ட் பிடிக்காது. பொடி எழுத்து லேசாகக் கலங்கும் என்பதால் மொத்தப் பகுதியைக் காட்டும் பெரிய மேப்புக்கு மட்டும் இதை வைத்துக்கொள்கிறேன்.

மெழுகு உருக்கிப் பேப்பரில் தடவுவது பழைய முறை, வெயிலில் இளகிக் கையெல்லாம் பிசுபிசுக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. ஜிப் கவரில் போட்டு எடுத்துப் போவது அவசரத்துக்கு ஆகும். ஆனால் வியர்த்து உள்ளே ஆவி படியும்.

சோதனை

கிளம்புவதற்கு முன்னால் ஒரு பக்கெட் தண்ணீரில் மேலே கல் வைத்து ராத்திரி முழுவதும் மூழ்கவிடுங்கள். காலையில் ஓரங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்கேயாவது பேப்பர் கருத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் புதிதாகச் செய்யுங்கள், டேப்பை ஒட்டிச் சமாளிக்க வேண்டாம், உள்ளே போன தண்ணீர் வெளியே வராது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போய் அங்கிருந்து காவிரியைக் கடந்து பூலாம்பட்டிக்குப் படகில் போய்வாருங்கள், குட்டிக் கேரளா என்று சொல்வார்களே, அந்த ஊர்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். அந்த இடத்துக்கும் ஒரு துண்டு மேப் செய்து எடுத்துப் போய், நடு ஆற்றில் மேப்பின் வடக்கை உண்மையான வடக்குக்குத் திருப்பி வைத்து, எதிரே தெரியும் மலையையும் கரையையும் மேப்பில் விரல் வைத்துக் காட்டச் சொல்லிக் குழந்தைகளிடம் கேளுங்கள். எங்கள் பெரியவள் இரண்டே தடவையில் கற்றுக்கொண்டாள். இப்போது குட்டநாட்டில் வழி சொல்வது அவள்தான், நான் துடுப்பு மட்டும்தான்.

பயணத்தில் வழியைக் குறிக்க பெர்மனென்ட் மார்க்கர் எடுத்துப் போங்கள். லேமினேஷன் மேல் தண்ணீரில் போகாது, சானிடைசர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். இன்னொரு செட் ஜெராக்ஸ் எடுத்து, என்றைக்கு எந்தத் துறையில் தங்குவீர்கள் என்று எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நாங்கள் எங்கள் மாமாவிடம் கொடுப்போம். லைஃப் ஜாக்கெட்டுக்கு அடுத்து இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நிழலில் காயவைத்து, சுருட்டாமல் பாய்க்கு அடியிலோ பீரோ அடித்தட்டிலோ தட்டையாக வையுங்கள். துணி டேப் மட்டும் இரண்டு பயணத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். பழையதை உரிக்கும்போது ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டினால் பசை மேப்பில் தங்காமல் டேப்போடு வந்துவிடும்.