மழை நாள் டெர்பி: சேற்றைப் பார்த்துப் போடும் தப்புக் கணக்குகள்

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் வழக்கமாக மே மாதத்தின் முதல் சனிக்கிழமையில் நடக்கும். லூயிவில் நகரத்தின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானம், மூன்று வயதுக் குதிரைகள், அதிகபட்சம் இருபது போட்டியாளர்கள், ஒன்றேகால் மைல் தூரம். 1875-இல் தொடங்கி ஒரு வருஷம்கூட விட்டுப்போனதில்லை. ஓடி முடிக்க இரண்டு நிமிடம் சொச்சம்தான் ஆகும். ஆனால் மே மாதத்து கென்டக்கி வானத்தை யாராலும் நம்ப முடியாது. 2004 முதல் 2025 வரை ஏழு டெர்பிகள் தண்ணீர் நின்ற தளத்தில் ஓடியிருக்கின்றன. 2018-இல் அந்த ஒரே நாளில் 3 அங்குலத்துக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. டெர்பி நாள் வரலாற்றிலேயே அதுதான் அதிக மழை.

இப்படிப்பட்ட நாள்களில் டிவியில் பார்ப்பவர், பணம் கட்டுபவர், ரெயின்கோட் போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்பவர் என்று எல்லோருமே ஏறக்குறைய ஒரே மாதிரியான தவறுகளைச் செய்கிறார்கள். பெரும்பாலானவை மேலே தெரியும் சேற்றைப் பார்த்து மட்டும் முடிவெடுப்பதால் வருபவை.

தண்ணீர் தேங்கிப் பளபளக்கும் தளத்தைப் பார்த்ததும், இதில் எப்படிக் குதிரை ஓடும், ஊர்ந்துதான் போகும் என்று நினைப்பது முதல் தவறு. அமெரிக்காவில் பெரிய பந்தயங்கள் பெரும்பாலும் மண் தளத்தில் நடக்கின்றன. மணலும் வண்டலும் கொஞ்சம் களிமண்ணும் கலந்த மண் அது. கெட்டியான அடித்தளத்தின் மேல் சில அங்குல உயரத்துக்குத் தளர்வான மண் பரப்பியிருப்பார்கள். மழை வருகிறது என்று தெரிந்ததுமே மைதான ஊழியர்கள் டிராக்டர்களை இறக்கி அந்த மேல் மண்ணை அழுத்திவிடுவார்கள். இதற்கு 'சீல்' செய்வது என்று பெயர். மண்ணின் இடைவெளிகள் அடைபட்டுவிடுவதால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாகவே வழிந்து போகும். குதிரையின் குளம்பு அந்தத் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு நேராகக் கெட்டியான தரையைத் தொடும். பார்க்கக் கண்றாவியாக இருக்கும், ஓடச் சுகமாக இருக்கும். இந்த நிலைக்கு 'ஸ்லாப்பி' என்று அறிவிப்பார்கள்.

மெரினாவில் நடந்தவர்களுக்கு இது உடனே புரியும். காய்ந்த மணலில் கால் புதைகிறது. அலை நனைத்துவிட்டுப் போன ஓரத்தில் கால் நன்றாக ஊன்றுகிறது.

உண்மையில் பயப்பட வேண்டியது 'மட்டி' என்று அறிவிக்கும் நிலைக்குத்தான். மழை விட்டிருக்கும், தேங்கிய தண்ணீர் கண்ணில் படாது, தளம் பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டிருக்கும். குளம்பு புதையும், எடுக்கும்போது சேறு பிடித்து இழுக்கும். ஒவ்வொரு எட்டுக்கும் கூடுதல் பலம் செலவாவதால் கடைசி 200 மீட்டரில் குதிரை சோர்ந்து நிற்கும்.

சந்தேகமிருந்தால் நேரத்தைப் பாருங்கள். 2022-இல் காய்ந்த, வேகமான தளத்தில் ரிச் ஸ்ட்ரைக் டெர்பியை வென்ற நேரம் 2 நிமிடம் 2.61 வினாடி. 2025-இல் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க ஓடிய சாவரின்டி எடுத்துக்கொண்டது 2 நிமிடம் 2.31 வினாடி. ஈரத்தில் ஓடியதுதான் வேகம். அதே சமயம், 2010-இல் இதே 'ஸ்லாப்பி' தளத்தில் சூப்பர் சேவருக்கு 2 நிமிடம் 4.45 வினாடி ஆனது. குதிரைகளும் ஓட்டத்தின் போக்கும் வருஷத்துக்கு வருஷம் மாறும், சரி. ஆனாலும் ஒரே பெயர் ஒட்டிய இரண்டு தளங்களில் இரண்டு வினாடிக்கு மேல் வித்தியாசம், அதாவது பத்துக் குதிரை நீளத்துக்கு மேல். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நம் ஊர்க்காரர்கள் இங்கே கூடுதலாக ஒரு தவறு செய்வார்கள். கிண்டியிலும் ஊட்டியிலும் ரேஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புல்தளம்தான் தெரியும். புல்லில் மழை பெய்யப் பெய்யத் தளம் இளகும், நேரம் கூடும், கணக்கு சுலபம். மண் தளத்தில் அப்படி ஒரே திசையில் போகாது. லேசான ஈரத்தில் நேரம் குறையலாம், தண்ணீர் நின்றாலும் வேகம் இருக்கலாம், காய ஆரம்பிக்கும்போதுதான் மோசமாகலாம்.

அப்படியிருக்க, காலையில் அறிவித்த தள நிலையைச் சாயங்காலம்வரை நம்பிக்கொண்டிருப்பது வேடிக்கைதான். டெர்பி நாளில் காலையிலிருந்தே பந்தயங்கள் வரிசையாக நடக்கும். டெர்பி ஓடும்போது மாலை ஏழு மணியை நெருங்கியிருக்கும். அதற்குள் எத்தனையோ குதிரைகள் அந்த மண்ணை மிதித்திருக்கும். மழை ஒரு மணி நேரம் நின்றால் ஊழியர்கள் சீல் செய்த மண்ணைக் கிளறி விடலாம், மறுபடி மேகம் கூடினால் மறுபடி அழுத்தலாம். முந்தைய இரண்டு மூன்று மண் தளப் பந்தயங்களை உட்கார்ந்து பாருங்கள். வென்ற குதிரை உள்பக்கமாக வந்ததா, வெளிப்பக்கமாகவா? முன்னால் ஓடியது கடைசிவரை தாக்குப்பிடித்ததா? அறிவிப்புப் பலகை சொல்லாததை இது சொல்லும். மழையில் புல்தளப் பந்தயங்களை மண் தளத்துக்கு மாற்றிவிடுவதும் உண்டு. அப்போது புல்லுக்கென்றே பழக்கிய குதிரைகளைப் பயிற்சியாளர்கள் விலக்கிக்கொள்வார்கள். பன்னிரண்டு ஓட வேண்டிய இடத்தில் ஆறுதான் ஓடும். பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எப்படிச் சரியாக வரும்?

அடுத்தது, சேற்றில் முன்னால் ஓடுகிற குதிரைதான் ஜெயிக்கும் என்ற சூத்திரம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பின்னால் வருகிற குதிரையின் முகத்திலும் மார்பிலும் முன் குதிரைகள் உதைத்துத் தள்ளும் மண் வந்து அறைந்துகொண்டே இருக்கும். ஜாக்கிகள் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலவற்றை மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். மேலே இருப்பது சேறாகி மறைத்ததும் அதைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு அடுத்த கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. சில குதிரைகள் இரண்டு அடி வாங்கியதுமே மனசு விட்டுவிடும். சில குதிரைகள் சட்டையே செய்யாது.

சட்டை செய்யாத குதிரைக்கு மைன் தட் பேர்ட் நல்ல உதாரணம். 2009 டெர்பியில் அதன் பந்தய விலை ஒன்றுக்கு ஐம்பது, அதாவது ஒரு டாலர் கட்டினால் ஐம்பது டாலர் லாபம். ஒரு வயதில் விற்றபோது 9,500 டாலருக்குப் போன குதிரை. ஆரம்பத்தில் எல்லோருக்கும் பின்னால், கேமராவுக்குள்கூடச் சரியாக விழாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜாக்கி கால்வின் பொரெல் உள்வேலியை உரசிக்கொண்டு ஓட்டுவதற்குப் பேர்போனவர். அன்றும் வேலியோரமாகவே ஒவ்வொரு குதிரையாகத் தாண்டி வந்து, நேர்ப்பாதையில் ஒரு சின்ன இடுக்கில் நுழைந்து, ஆறே முக்கால் நீளத்தில் வென்றார். நேர்முக வர்ணனையாளரே அந்தக் குதிரை முன்னணிக்கு வந்ததைத் தாமதமாகத்தான் கவனித்தார். 2013-இன் ஈர டெர்பியில் ஆர்ப் என்ற குதிரை ஜெயித்ததும் பின்வரிசையிலிருந்து வந்துதான்.

பொரெல் ஜெயித்ததைப் பார்த்துவிட்டு, சேறு என்றால் வேலியோரம்தான் நல்லது என்று இன்னொரு சூத்திரம் கிளம்பியது. தண்ணீர் வடிவதற்காகத் தளத்தை உள்வேலி நோக்கிச் சரிவாக அமைப்பது வழக்கம். ஆகவே பல மழை நாள்களில் தண்ணீரெல்லாம் வேலியோரம் சேர்ந்து அங்கேதான் தளம் கனமாகிக் கிடக்கும். அன்றைக்கு எந்தப் பக்கம் நல்லது என்பதை அன்றைக்குத்தான் சொல்ல முடியும்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, ஒரே ஒரு மழை நாள் ஓட்டத்தை வைத்து ஒரு குதிரையைச் 'சேற்றுக் குதிரை' என்றோ 'சேற்றுக்கு ஆகாது' என்றோ முத்திரை குத்துவதுதான். செக்ரடேரியட்டை எடுத்துக்கொள்வோம். 1973-இல் டெர்பி, ப்ரீக்னெஸ், பெல்மான்ட் என்ற மூன்று பெரிய பந்தயங்களையும் வென்று 'மும்முடி' சூடிய குதிரை. டெர்பியில் அது வைத்த 1 நிமிடம் 59.40 வினாடி இன்னும் முறியடிக்கப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் உட்வர்டு பந்தயத்தில், தண்ணீர் நின்ற தளத்தில், ப்ரூவ் அவுட் என்ற குதிரையிடம் நாலரை நீளத்தில் தோற்றது. இதை மட்டும் பார்த்தால் சேறு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் முந்தைய ஆண்டு லாரல் ஃபியூச்சுரிட்டியில் இதே மாதிரித் தளத்தில் எட்டு நீளத்தில் ஜெயித்ததும் இதே செக்ரடேரியட்தான்.

அப்புறம் உட்வர்டில் என்னதான் நடந்தது? அந்தப் பந்தயத்துக்குத் தயாராகியிருந்தது அதே லாயத்தின் ரிவா ரிட்ஜ். மழை பெய்ததும் ரிவா ரிட்ஜை நிறுத்திவிட்டு செக்ரடேரியட்டை இறக்கினார்கள். ஒன்றரை மைல் தூரம். அதற்கென்று முழுப் பயிற்சி எடுக்காத குதிரை. ரிவா ரிட்ஜுக்குச் சேறு ஆகாது என்ற முடிவுக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் உண்டு. 1972-இல் டெர்பியையும் பெல்மான்ட்டையும் வென்ற அது, நடுவில் மழையில் ஓடிய ப்ரீக்னெஸ்ஸில் நான்காவதாக வந்து மும்முடியைக் கோட்டைவிட்டது. ஆக, ஈரத்தில் தோற்ற குதிரையைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, ஈரம் இல்லாமலே அது தோற்றிருக்குமா என்பதுதான். தூரம் சரியா, எத்தனை நாள் ஓய்வு, எதிரில் யார், இதையெல்லாம் பார்த்த பிறகுதான் சேற்றைக் குற்றம் சொல்ல வேண்டும்.

ஜெயித்த குதிரைக்கும் இதே கேள்வி பொருந்தும். மைன் தட் பேர்ட் சேற்றால் மட்டுமே ஜெயித்தது என்று டெர்பி முடிந்த உடனே பேசினார்கள். இரண்டு வாரம் கழித்துக் காய்ந்த தளத்தில் ஓடிய ப்ரீக்னெஸ்ஸில், ரேச்சல் அலெக்ஸாண்ட்ரா என்ற அபாரமான பெண் குதிரைக்கு ஒரு நீளம் பின்னால் இரண்டாவதாக வந்தது. அதற்கப்புறம் ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை என்பதும் உண்மை.

பரம்பரையைப் பார்த்து ஈரத்துக்கு மதிப்பெண் போடும் பட்டியல்கள் அமெரிக்கப் பந்தயப் பத்திரிகைகளில் வருகின்றன. ஈரத்தில் ஒருமுறைகூட ஓடாத இளம் குதிரைக்கு அவை உதவும். நாலைந்து முறை ஓடியிருந்தால் அதன் சொந்தக் கணக்கையே பாருங்கள். ஜஸ்டிஃபை 2018-இல் அந்த அடைமழையில் இறங்கியபோது பலரும் கவலைப்பட்டது அது இரண்டு வயதில் ஓடவே இல்லை என்பதைப் பற்றித்தான்; 1882-க்குப் பிறகு அதுவரை அப்படி ஒரு குதிரை டெர்பி ஜெயித்திருக்கவில்லை. ஆனால் அந்த மார்ச்சிலேயே சான்டா அனிட்டாவில் சேற்றில் ஓடி ஜெயித்திருந்தது. டெர்பியில் ஆரம்பத்திலிருந்தே முன்னணிக் குதிரையை ஒட்டி ஓடி, பிறகு முந்தி வென்று, அடுத்த இரண்டையும் வென்று மும்முடியும் சூடியது.

மழை என்றாலே ஒன்றுக்கு அறுபது விலையில் இருக்கும் குதிரைதான் வரும் என்று பணத்தைக் கொட்டுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மேலே சொன்ன ஏழு ஈர டெர்பிகளில் மூன்றை, அதாவது 2004-இல் ஸ்மார்ட்டி ஜோன்ஸ், 2013-இல் ஆர்ப், 2018-இல் ஜஸ்டிஃபை ஆகியவற்றின் ஓட்டங்களை, அன்றைய ஃபேவரிட்டே, அதாவது அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரையே, வென்றது. யாரும் எதிர்பாராத ஜியாகோமோ 2005-இல் ஒன்றுக்கு ஐம்பதிலும் ரிச் ஸ்ட்ரைக் 2022-இல் ஒன்றுக்கு எண்பதிலும் வந்தது காய்ந்த தளத்தில்.

2019-ஐ இந்தப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது என்பதிலேயே தகராறு. அன்று முதலில் கோட்டைத் தாண்டியது மாக்ஸிமம் செக்யூரிட்டி. கடைசி வளைவில் அது வெளிப்பக்கமாக விலகி மற்ற குதிரைகளின் வழியை மறித்தது. ஜாக்கிகள் ஆட்சேபணை எழுப்ப, நடுவர்கள் இருபது நிமிடத்துக்கும் மேலாக வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு அதைப் 17-ஆவது இடத்துக்குத் தள்ளினார்கள். இரண்டாவதாக வந்த கன்ட்ரி ஹவுஸ், ஒன்றுக்கு அறுபத்தைந்து விலையில், வெற்றியாளரானது. தளம் வழுக்கியதால்தான் விலகியது என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். கூட்டத்தின் சத்தத்தில் குதிரை மிரண்டது என்றுதான் ஜாக்கி லூயிஸ் சாயெஸ் சொன்னார். இப்படி ஒரு நாளில் பெரிய தவறு எது என்றால், குதிரை கோட்டைத் தாண்டியதும் டிக்கெட்டைக் கிழித்துக் கீழே போடுவது. பலகையில் முடிவு உறுதியாகும்வரை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். அன்று கன்ட்ரி ஹவுஸின் இரண்டு டாலர் டிக்கெட்டுக்குக் கிடைத்தது 132 டாலர் 40 சென்ட்.

நேரில் போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். டெர்பிக்குக் குடை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்; வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், ரெயின்கோட்தான் அனுமதி. ஜாக்கியின் சட்டை நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பாதித் தூரத்திலேயே முன்னணிக் குதிரையைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே பழுப்பு நிறம். தொப்பியின் நிறத்தையும் குதிரையின் நெற்றி வெள்ளையையும் முன்கூட்டியே மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நல்ல இடம், ஓட்டத்துக்கு முன் குதிரைகளுக்குச் சேணம் பூட்டும் பேடக். அங்கே போனால் சில குதிரைகளின் வாலைப் பின்னி, மேலே மடித்துக் கொண்டைபோல் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். சேறு ஏறிக் கனக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதைப் பார்த்து, இது சேற்றுக்கென்றே தயாரான குதிரை என்று பணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து லாயத்துக்காரரும் அதையேதான் கட்டியிருப்பார்.