நமத்துப்போன சிங்கப்பூர்க் கொலைக்கதையைத் திருத்துவது எப்படி?

கீழக்கரையிலோ தொண்டியிலோ இருந்து சிங்கப்பூர்க் கொலைக்கதை எழுதுகிறவர்களுக்கு முதல் வாசகர், சிங்கப்பூரில் இருபது வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய சபராளியாகத்தான் இருப்பார். உயரக் கட்டடமும் ஆற்றோரச் சிங்கச் சிலையும் காட்டி அவரை உட்காரவைக்க முடியாது.

முதலில் 'சிங்கப்பூர்' என்று வரும் இடமெல்லாம் 'சென்னை' என்று மாற்றிப் படியுங்கள். கொலை அப்படியே நடந்தேறினால் நாவல் ஏமாற்றிவிடும். அந்த ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய ஏதோ ஒன்று கொலைக்குள் இருக்க வேண்டும்.

அதற்கு அரசு அடுக்குமாடி வீடுகள் அருமையான இடம். பழைய புளோக்குகளில், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்களில், முன்பெல்லாம் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. நிற்கும் மாடியில் இறங்கி, படிக்கட்டு பிடித்து, பொது நடைபாதையில் அடுத்தவர் சன்னல்களைக் கடந்துதான் வீடு சேர முடிந்தது. இதை மாற்றும் திட்டம் 2001இல்தான் தொடங்கியது. 1990இல் நடக்கும் கதையென்றால் கொலையாளியை லிஃப்ட் நிற்காத மாடிக்கு அனுப்புங்கள். சாட்சிகள் தாமாகவே கிடைப்பார்கள். எம்ஆர்டி என்கிற நகர ரயிலில் தப்பவைப்பதென்றால் கதை 1987 நவம்பருக்குப் பிறகு நடக்க வேண்டும்.

அடுத்து நேரம். நாவல்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். கீழக்கரையில் இரவு 10 மணிக்குப் போடும் போன் அங்கே நள்ளிரவு தாண்டி, மறுநாள் 12.30க்கு அடிக்கும். 1982க்கு முந்தைய கதையானால் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். ஒரு தாளை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் நம் நேரம், வலப்பக்கம் அவர்கள் நேரம் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் தேதியோடு எழுதுங்கள்.

சட்டத்தையும் சரிபாருங்கள். அங்கே 1969லேயே ஜூரி முறையை ஒழித்துவிட்டார்கள். காயப்படுத்தும் நோக்கில் துப்பாக்கியால் சுட்டாலே மரண தண்டனை. சில்லறை ரவுடி கையில் துப்பாக்கி கொடுத்தால் கதை அங்கேயே செத்துவிடும். போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995.

கடலில் பிணம் போடும் காட்சியில் கூடுதல் கவனம் தேவை, பாம்பன்காரரும் படிப்பார். மூழ்கிய உடல் உடனே மிதக்காது. வெதுவெதுப்பான நீரில் ஊதி மேலே வரவே இரண்டு மூன்று நாளாகும். மறுநாள் காலையிலேயே கரை ஒதுக்க வேண்டாம்.

பிறகு சபராளி ஒருவரிடம் பிரதியைக் கொடுத்து, கொலையாளி ஓடிய வழியை வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள்.