‘பேட்டை’யிலிருந்து தொடங்கலாம்: பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறை

சென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேட்டில் என் மாலை வகுப்புக்கு வரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு அ முதல் ஃ வரை தலைகீழ்ப் பாடம். ஆனால் ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் "பானா, டானா, இம்மு" என்று நிறுத்திவிடுவார்கள். எழுத்தின் பெயர் தெரிகிறது, ஒலிகளைச் சேர்க்க வரவில்லை. புதிதாகச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோரும் தன்னார்வலர்களும் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

முதல் படி: 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ட, ப, ம எழுத எளிதானவை. கூடவே ட், ம் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். பானா, டானா வேண்டாம், ஒலியை மட்டும் சொல்லுங்கள். எழுத்துக்கு அடியில் விரலை நகர்த்தியபடி முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக.

இரண்டாம் படி, கொம்பு. அதிக நாள் இதற்குத்தான் ஆகும், ஆகட்டும். ‘பே’ எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘டை’யும் அப்படித்தான். ‘கோ’வுக்கு இரண்டு பக்கமும் குறி. பிள்ளை திணறுவதில் என்ன வியப்பு? நான் பலகையில் ‘பேட்டை’ என்று எழுதி, ‘பே’வைச் சுற்றி ஒரு வட்டம், ‘ட்’டுக்கு ஒன்று, ‘டை’க்கு ஒன்று போடுவேன். ஒரு வட்டத்துக்கு ஒரு ஒலி. இது பிடிபட்டதும் தெருவுக்கு அழைத்துப் போய்ப் பெயர்ப்பலகைகளைக் காட்டுங்கள்: தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை. பின்பாதியைப் படித்துவிட்டு முன்பாதியை ஊகிப்பார்கள். ஊகிக்க விடுங்கள். பிறகு சரிதானா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, பிள்ளை சொல்வதை எழுதுங்கள். "அப்பா வஞ்சரம் எடுத்துகினு வந்துச்சு" என்றால் அப்படியே எழுதி, படிக்கக் கொடுங்கள். தானே சொன்ன வாக்கியம் என்பதால் தைரியமாகப் படிக்கும். இரண்டு நாள் கழித்து அதன் கீழே "எடுத்துக்கொண்டு வந்தார்" என்று எழுதி, புத்தகத்தில் இப்படி இருக்கும் என்று காட்டினால் போதும். அது பேசுவது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன் வீட்டுப் பேச்சைத் தப்பென்று கேட்ட பிள்ளை அப்புறம் வாயைத் திறக்கவே தயங்கும்.

நான்காவது, தினமும் பத்து நிமிடம் நீங்கள் கதை வாசிக்க வேண்டும். முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு கதைக்கும் "இதில் என்ன தெரிந்துகொண்டாய்?" என்று நான் கேட்டேன். கதை என்றாலே பிள்ளைகள் நழுவத் தொடங்கினார்கள். நிறுத்திய பிறகு, "நேத்து படிச்சத திரும்பப் படி" என்று அவர்களே கேட்டார்கள்.

தானாகப் படிக்க எந்தப் புத்தகம் கொடுப்பது? ஒரு பக்கத்தைப் படிக்கட்டும், தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கினால் அதை இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகத்தைப் பூட்டி வைக்காதீர்கள். கிழிந்தால் செல்லோடேப் இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். விசைப்படகில் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். ஒரு படக்கதைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அப்பாவுக்குப் படிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. படத்தைப் பார்த்து அவர் கதை சொல்லட்டும், பக்கத்தைப் பிள்ளை புரட்டட்டும்.