முதலில் ஏற வேண்டியது கூண்டு: செல்லப்பிராணியோடு காரில் வெகுதூரம் வீடு மாறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுச் சாமான்களில் பாதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் காரில் அடைத்துக்கொண்டு, நாயையோ பூனையையோ கூட்டிக்கொண்டு தொலைவில் உள்ள ஊருக்குக் குடிபோகிறவர்கள் பெரும்பாலும் சாலைப் பயணத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது சாமான் கட்டும் நாள்களைப் பற்றி. வழியில் வரும் தொல்லைகளில் பல, கிளம்புவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகின்றன. எந்தப் பாத்திரத்தை விடுவது, எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், கார் நிரம்பிய பிறகுதான் பூனைக்கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் தேடுகிறார்கள். கடைசியில் அது இரண்டு பெட்டிகளுக்கு மேலே, கூரையை ஒட்டிய இடுக்கில் போய் உட்காருகிறது. அங்கே காற்றும் வராது, பிடிமானமும் இருக்காது.

கழிக்கக் கூடாதவற்றைக் கழிப்பது

சாமான்களைக் குறைக்கும் வேகத்தில் முதலில் குப்பைக்குப் போவது பிராணியின் பொருள்கள்தான். கிழிந்த மெத்தை, கடித்துக் குதறிய பொம்மை, பூனை நகம் தீட்டித் தும்பாகிப்போன கம்பம் எல்லாம் நம் கண்ணுக்கு அழுக்கு. புதிய வீட்டுக்குப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் நாயும் பூனையும் வீட்டை மூக்கால்தான் அடையாளம் காண்கின்றன. பூனை கதவு நிலையிலும் சோபா முனையிலும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு போவது வெறும் கொஞ்சல் அல்ல. கன்னத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையைப் பூசி, ‘இது என் இடம்’ என்று தனக்குத்தானே குறித்து வைக்கிறது. நாற்காலியையும் அலமாரியையும் நீங்கள் ஒவ்வொன்றாக விற்கும்போது அந்தக் குறிகளும் கூடவே போகின்றன. மிஞ்சியிருக்கும் அந்த ஒரு மெத்தையையும் வீசிவிட்டால், போய்ச் சேரும் இடத்தில் அதற்குத் தெரிந்த வாசனை என்று உங்கள் உடம்பைத் தவிர வேறெதுவும் இருக்காது.

ஆகவே பழைய படுக்கையைத் துவைக்காமலே எடுத்துச் செல்லுங்கள். விருந்தாளிகள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டைக் காலி செய்யும் வரிசையிலும் பிராணி படுக்கும் மூலையும் சாப்பிடும் இடமும் கடைசியாகக் கலையட்டும். தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டு, மருந்துப் பெயர்கள் ஆகியவற்றைப் பழைய காகிதங்களோடு சேர்த்துக் கிழித்துப்போடாமல் தனிப்பையில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே குறைக்கலாம் என்று சொல்லத்தக்கது மீன்தொட்டி. பெரிய தொட்டியோடு பல நூறு கிலோமீட்டர் போவது மீனுக்கும் சுகமில்லை, காருக்கும் சுகமில்லை. வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் நல்ல அவகாசத்தோடு ஒப்படைத்துவிடுவது நல்லது. ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். வீட்டில் வளர்ந்த தங்கமீன் அங்கே பெருகி, அந்த நீரில் பிறந்த மீன்களுக்கு எமனாகிவிடும்.

காரை நிரப்பும் வரிசை

சரியான வரிசை இதுதான்: வெறும் காரில் முதலில் கூண்டை வைத்துக் கட்ட வேண்டும், அதற்குப் பிறகு மிஞ்சும் இடம்தான் சாமானுக்கு. கிளம்பும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே ஒருமுறை இப்படி வைத்துப் பார்த்துவிட்டால், இன்னும் எதைக் கழிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பலருக்கு இந்த ஒத்திகைதான், ‘இதை எப்படி விடுவது?’ என்ற ஊசலாட்டத்தை முடித்துவைக்கிறது.

கூண்டை வைத்ததும் ஏசியை ஓடவிட்டு, கதவுகளை மூடிக்கொண்டு, கூண்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கையில் குளிர்காற்று படுகிறதா? பெட்டிகளை அடுக்கிய பிறகு மறுபடியும் அதே சோதனையைச் செய்யுங்கள். முன் இருக்கையில் நமக்குச் சில்லென்று இருக்கும்போதே, மூன்று பக்கமும் அட்டைப்பெட்டிகளால் சூழப்பட்ட பின்பக்கக் கூண்டில் காற்றே அசையாமல் இருக்கலாம். மூடிய டிக்கி உள்ள காரில் டிக்கிக்குள் பிராணியை வைக்கவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கட்டாமல் வைத்த கூண்டு இன்னொரு சாமான் மாதிரிதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலோ மோதிச் சட்டென்று நின்றால், உள்ளே கட்டப்படாதவை எல்லாம் அதே வேகத்தில் முன்னே பாயும். நாய் அப்படித்தான், அதன் தலைக்கு மேலே அடுக்கிய மிக்சிப் பெட்டியும் அப்படித்தான். கனமான பொருள்கள் காரின் தரையில் இருக்கட்டும். கூண்டின் மேல் எதையும் ஏற்றாதீர்கள். கூண்டில் அடங்காத நாய்க்கு மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டை அணிவித்து, அதை சீட் பெல்ட்டோடு இணைக்கலாம். கழுத்துப்பட்டையில் மட்டும் கட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்து முறியக்கூடும். முன் இருக்கையும் வேண்டாம். மனிதரின் உயரத்துக்காக வடிவமைத்த காற்றுப்பை (ஏர்பேக்) விரிந்தால், அங்கே இருக்கும் சிறு பிராணிக்கு அதுவே அடியாகிவிடும்.

பலரும் மறப்பது எடையை. பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். டயர் காற்றழுத்தம் அதில் இருக்கும்; எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதும் பல கார்களில் அங்கேயே இருக்கும், இல்லையென்றால் காரின் கையேட்டில் இருக்கும். அந்தச் சுமையில் நீங்களும் நாயும் அடக்கம். முழுச் சுமையோடு போகும்போது டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பதையும் பார்த்து அதன்படி நிரப்புங்கள்.

கூண்டின் அளவைப் பற்றி ஒன்று. நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் முடிந்தால் போதும். பூனைக்குப் பெரிய கூண்டு வாங்கிக் கொடுப்பது பாசமாகத் தெரியலாம். வளைவுகளில் அது உள்ளே இங்குமங்கும் சறுக்கும், அவ்வளவுதான். மேலே திறக்கிற உறுதியான பிளாஸ்டிக் கூடை நல்லது. எதுவானாலும் முதல்நாள் இரவு வாங்கி வராதீர்கள். சில வாரங்களுக்கு முன்பே கூடத்தில் கதவைத் திறந்து வைத்து, உள்ளேயே சோறு வைத்துப் பழக்குங்கள். காரில் ஏறினாலே ஊசிதான் என்று கற்றுக்கொண்ட பூனையை, சும்மா தெருவைச் சுற்றி வரும் சின்னப் பயணங்களில் அந்தப் பாடத்தை மறக்க வைக்க வேண்டும். ஒரே வாரத்தில் மறக்காது.

கதவு திறந்தே இருக்கும் அந்தக் காலை

பூனைகள் தொலைவது நெடுஞ்சாலையில் மட்டும் அல்ல. சாமான் ஏற்றும் காலையிலும்தான். ஆள்கள் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள், வாசல் கதவு அகலத் திறந்து கிடக்கிறது, கட்டில் இருந்த இடம் வெறும் தரையாகிவிட்டது. பூனை ஓடும், இல்லையென்றால் ஒளியும். பாதி கட்டிய துணிப்பெட்டிக்குள், சலவை இயந்திரத்தின் உருளைக்குள், சோபாவின் அடித்துணி கிழிந்த ஓட்டை வழியாக அதன் வயிற்றுக்குள். அந்த சோபாவை வாங்கியவர் வந்து எடுத்துக்கொண்டு போனால் பூனையும் கூடவே போய்விடும்.

இதற்குத் தீர்வு எளிது. முதல் ஆள் வந்து கதவைத் தட்டும் முன்பே பிராணியைக் குளியலறையில் விட்டு, கூடை, தண்ணீர், மணல்தட்டு எல்லாவற்றையும் உள்ளே வைத்து, கதவில் ‘உள்ளே பூனை, திறக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். வாயால் சொன்னால் போதாது, யாராவது கை கழுவப் போவார்கள். எல்லாம் ஏறிய பிறகு, குளியலறைக்குள்ளேயே கூடையில் போட்டுப் பூட்டி வெளியே கொண்டு வாருங்கள்.

பிராணியின் தோலுக்கடியில் மைக்ரோசிப் போட்டிருப்பதால் தொலைந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. சிப்புக்குள் பொதுவாக 15 இலக்க எண் ஒன்று இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. பிராணி எங்கே இருக்கிறது என்பதை அது காட்டாது. யாராவது பிடித்து, கருவியை வைத்துப் படித்து, பதிவேட்டில் தேடினால்தான் உங்கள் பெயர் வரும். பதிவேட்டில் பழைய முகவரியும் கைவிட்ட தொலைபேசி எண்ணும் இருந்தால் அந்தத் தேடல் அங்கேயே முட்டி நிற்கும். கிளம்பும் முன்பே அதை மாற்றுங்கள். கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண் பொறித்த தகடும் தொங்கட்டும்.

மருந்து, சோறு

தூங்க வைத்துவிட்டால் தொல்லை இல்லை என்று யாரோ கொடுத்த மாத்திரையை ஊட்டுவதுதான் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான தவறு. சில பழைய மயக்க மருந்துகள் உடம்பை முடக்குமே தவிர பயத்தைப் போக்குவதில்லை. ரத்த அழுத்தத்தை இறக்கி, உடல் வெப்பத்தைச் சீராக்கும் திறனையும் குலைக்கின்றன. வாந்தி எடுக்கும் நாய்க்கும் பதறும் பூனைக்கும் இன்று வேறு நல்ல மருந்துகள் உள்ளன. கால்நடை மருத்துவரிடம் கேட்டு, ஊரில் இருக்கும்போதே ஒருமுறை கொடுத்துப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று கவனித்த பிறகே பயணத்தன்று கொடுக்க வேண்டும். மனிதர்களின் மாத்திரையைத் தொடவே வேண்டாம். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரைகூட பூனையின் உயிரைக் குடித்துவிடும்.

வயிறு நிறையச் சாப்பிட வைத்து ஏற்றுவதும் தவறு. கிளம்ப மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பு அரை வயிற்றுக்குக் கொடுத்தால் போதும். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. உணவை மாற்ற வேண்டும் என்றால் அந்த வாரம் வேண்டாம்.

முயலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; பட்டினி போட்டால் குடல் நின்று உயிருக்கே ஆபத்தாகும். வழிநெடுக உலர்ந்த புல் இருந்தாக வேண்டும். வெயிலையும் அது தாங்காது. கூண்டுப் பறவை இருந்தால் உள்ளே ஆடும் ஊஞ்சலைக் கழற்றிவிடுங்கள், காரில் வாசனைத் திரவியம் எதையும் தொங்கவிடாதீர்கள். அதன் நுரையீரல் நம்முடையதைவிட மிக மென்மையானது.

சாலையில்

‘ஐந்தே நிமிடம்தான், ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம்’ என்று காரைப் பூட்டிவிட்டுப் போவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. வெளியே இதமான 24 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே, வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் 34 டிகிரியைத் தொடும். அரை மணி நேரத்தில் 40-ஐத் தாண்டும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணித்துக்கொள்கிறது, சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது அதுவும் பலிக்காது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களும் பெர்சியப் பூனைகளும் இன்னும் சீக்கிரம் துவண்டுவிடும். இருவராகப் போனால் ஒருவர் மாற்றி ஒருவர் இறங்கலாம். தனியாகப் போகிறவர்கள் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொள்ளட்டும், கழிவறைக்கும் நாயைக் கூட்டிக்கொண்டே போகட்டும். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

நாயை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்க வையுங்கள். கதவைத் திறக்கும் முன்பே வாரை மாட்டிவிட வேண்டும். திறந்த பிறகு மாட்டலாம் என்று நினைப்பதற்குள் அது சாலையில் நிற்கும். பூனைக்கு இந்த நடையெல்லாம் தேவையில்லை. பரிதாபப்பட்டு நிறுத்தத்தில் கூடையைத் திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டும் என்றால், காரின் கதவு, கண்ணாடி எல்லாம் மூடியிருக்கும்போது திறந்து, சின்ன மணல்தட்டைக் காட்டுங்கள். முதல் சில மணி நேரம் பூனை கத்தும். மெல்லிய துணியால் கூடையைப் பாதி மூடினால் பெரும்பாலானவை அடங்கிவிடும். சில கடைசி வரை கத்திக்கொண்டே வரும். அதற்கு மருந்து ஓட்டுநரின் பொறுமைதான்.

இரவு தங்கும் விடுதியில் ‘பிராணிகளுக்கு அனுமதி உண்டு’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை பிராணி, எவ்வளவு எடை, அறையில் தனியே விடலாமா என்பதில்தான் வம்பு வரும். அறைக்குள் போனதும் கட்டிலின் அடிப்பகுதியைப் பாருங்கள். பூனை நுழையும் சந்து இருந்தால் பையையோ தலையணையையோ வைத்து அடையுங்கள். மறுநாள் காலை கட்டிலைப் புரட்டிப்போடும் வேலை மிச்சம்.

போய்ச் சேர்ந்த பிறகு

வந்த களைப்பில் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, ‘போய்ச் சுற்றிப் பார்’ என்று பூனையை இறக்கிவிடுவது அதைத் திணறடிக்கும். ஒரே ஒரு அறை, அதில் அந்தத் துவைக்காத படுக்கை, தண்ணீர், எட்டி ஒரு மூலையில் மணல்தட்டு. சில நாள்களுக்கு அவ்வளவு போதும். தானாக வாலை உயர்த்திக்கொண்டு கதவருகே வந்து நிற்கும்போது அடுத்த அறையைத் திறக்கலாம். வெளியே போய்ப் பழகிய பூனையாக இருந்தாலும் குறைந்தது இரண்டு மூன்று வாரம் வெளியே விடக் கூடாது. நாயையும், வேலி இருக்கிறது என்று நம்பி முதல்நாளே அவிழ்த்துவிடாமல், வாரோடு ஒரு சுற்று சுற்றி ஓட்டை உடைசல்களைப் பாருங்கள். முன்பு குடியிருந்தவர்கள் அடுப்படி அலமாரிக்குப் பின்னால் எலி விஷம் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பிராணியை இறக்கும் முன் அதைத் தேடி எடுத்துவிட வேண்டும்.

முதல்நாள் சாப்பிடாமல் ஒளிந்திருப்பது இயல்புதான். ஆனால் பூனை இரண்டு நாள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்றால் அடம் என்று விட்டுவிடாதீர்கள். குறிப்பாகக் கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் கொழுப்பு கல்லீரலில் படிந்து நோயாகிவிடும். ஆண் பூனை மணல்தட்டில் போய்ப் போய் முக்கிவிட்டுச் சிறுநீர் வராமல் திரும்பினால் அன்றே, அந்த நேரமே மருத்துவரிடம் ஓட வேண்டும். அதனால்தான் புதிய ஊரின் மருத்துவமனை எண்ணைப் பழைய ஊரிலேயே தேடி எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது. அங்கே முதன்முறை போகும்போது, அந்தப் பகுதியில் உண்ணி, கொசு வழியாக எந்த நோய்கள் பரவுகின்றன என்று கேளுங்கள். பழைய ஊரில் தேவைப்படாத தடுப்பு மருந்து இங்கே தேவைப்படலாம்.