புஷ்கர் ஒருநாள் பயணம்: பூ வாங்கும் முன் தட்சிணை பேசுங்கள்

ராஜஸ்தானில் பிரம்மா கோயிலும் புனித ஏரியும் உள்ள ஊர் புஷ்கர். ஜெய்ப்பூரிலிருந்து வழிகாட்டியுடன் காரில் அங்கே போக ஏறத்தாழ 150 கி.மீ., மூன்று மணி நேரம். காலை 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள். பிரம்மா கோயில் நடையை மதியம் சாத்துவார்கள். தாமதமானால் காத்திருப்பிலேயே பொழுது போய்விடும்.

ஏரியைச் சுற்றி 52 படித்துறைகள். செருப்பைத் தள்ளியே கழற்றிவிட வேண்டும். நீராடுபவர்களைப் படமெடுக்கக் கூடாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். யாராவது கையில் பூவைத் திணித்து சங்கல்பம் தொடங்குவார். மந்திரத்தின் நடுவே, குடும்பத்தின் பெயரால் பெரிய தொகை தருவதாக உங்களையே சொல்ல வைப்பார். சொன்ன பிறகு மறுக்க மனம் வராது. பூஜை வேண்டுமென்றால் உட்காரும் முன்பே தட்சிணையைப் பேசி முடியுங்கள், வழிகாட்டியே அழைத்துப் போனாலும். வேண்டாமென்றால் பூவைக் கையில் வாங்கவே வாங்காதீர்கள்.

சாவித்திரி கோயில் குன்றுக்கு ரோப்கார் உண்டு. ஊருக்குள் அசைவமும் மதுவும் கிடையாது.